ஜேம்ஸ் பால்ட்வின்: வாசகர் கேள்விகள்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1924 ஆகஸ்ட் 2 அன்று பிறந்து, 1987 டிசம்பர் 1 அன்று தென் பிரான்சில் மறைந்தவர் ஜேம்ஸ் பால்ட்வின். கறுப்பினத்தவர், ஆண்களை நேசித்த ஆண். ஆறு நாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுப்பு, நாடகங்கள், கட்டுரை நூல்கள் எழுதியவர். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' நாவலை ஆரம்பித்து முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். எதில் தொடங்கியிருக்க வேண்டும்?
வாசகர், திண்டுக்கல்

பலரும் நிற்கிற இடம் அது. முதல் பாகம் ஜான் என்ற சிறுவனின் பதினான்காவது பிறந்த நாள். ஒரே வீடு, ஒரே நாள் என்பதால் எளிதாகப் போகும். இரண்டாம் பாகத்தில் அத்தை ஃப்ளாரன்ஸ், அப்பா கேப்ரியல், அம்மா எலிசபெத் மூவரும் தேவாலயத்தில் முழங்கால் படியிட்டுப் பிரார்த்திக்கிறார்கள். ஒவ்வொரு பிரார்த்தனைக்குள்ளும் முப்பது நாற்பது ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது கதை. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் வாசித்தால் அங்கே வழி தவறும்.

ஒரு தாளில் இதைக் குறித்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்: ஃப்ளாரன்ஸ், கேப்ரியலின் அக்கா. டெபோரா, கேப்ரியலின் முதல் மனைவி. எஸ்தர், அவருக்கு மனைவிக்குத் தெரியாமல் ஒரு மகனைப் பெற்றவள். எலிசபெத், இரண்டாவது மனைவி. ஜான் அந்தத் திருமணத்துக்கு முன்பே அவளுக்குப் பிறந்த பிள்ளை, கேப்ரியலின் சொந்த மகன் அல்ல. இந்தக் கடைசி விஷயம் ஜானுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். நாவலின் வலி முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பைபிள் பழக்கம் இல்லாதவர்கள் ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா தன் மகன் காமின் வழியைச் சபிக்கும் பகுதியையும், ஏசாயா 38ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் படித்துவிட்டு வந்தால் போதும். முதலாவது ஜானின் குற்ற உணர்வுக்கு வழி காட்டும், இரண்டாவது ஃப்ளாரன்ஸின் மரண பயத்துக்கு.

ஆனால் தொடங்குவதற்கு நான் சொல்வது இந்த நாவல் அல்ல. 1957இல் வந்த 'சன்னிஸ் ப்ளூஸ்' என்ற நெடுங்கதை. ஹெராயின் வழக்கில் தம்பி சன்னி கைதான செய்தியைச் சுரங்க ரயிலில் செய்தித்தாளில் படிக்கிறார் அண்ணன். அவர் கணக்கு வாத்தியார், தம்பி ஜாஸ் பியானோ கலைஞன். ஒரே அமர்வில் படித்துவிடலாம், பால்ட்வினின் எல்லாமும் அதில் இருக்கிறது. அடுத்து 'ஜியோவானிஸ் ரூம்', பிறகு நீங்கள் விட்ட நாவல், அதன்பின் 'அனதர் கன்ட்ரி'. பென்குவின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் இவை கிடைக்கும்.

பால்ட்வின் சிறு வயதில் மத போதகராக இருந்தாராமே?
வாசகி, நாகர்கோவில்

ஆமாம். 14 வயதில் தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், ஹார்லெமில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் பிரசங்கம் செய்தார். வளர்ப்புத் தந்தை டேவிட் பால்ட்வினும் போதகர்தான். கண்டிப்பும் கசப்பும் நிறைந்த மனிதர். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர் ஜேம்ஸ். பெற்ற தகப்பன் யார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

பிரசங்க மேடையை விட்டாலும் அதன் ஓசை அவரை விடவில்லை. ஒரு சொல்லை மூன்று முறை வெவ்வேறு இடத்தில் வைத்து ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் ஒரு சின்ன வாக்கியத்தில் இறக்கிவிடுவார். கட்டுரைகளை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், கேட்கும்.

பள்ளிக்கூடங்களும் அவரை உருவாக்கின. நடுநிலைப் பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் கவிஞர் கவுன்ட்டே கல்லனும் ஒருவர். பிராங்க்ஸ் பகுதியிலுள்ள டி விட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியின் இதழில், பின்னாளில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடனுடன் சேர்ந்து வேலை செய்தார். பதின்ம வயதில் ஓவியர் பியூஃபோர்ட் டெலேனியைச் சந்தித்தது எல்லாவற்றையும்விடப் பெரிது. கறுப்பினத்தவர், ஆண்களை நேசித்தவர், கலையை நம்பி வாழ்ந்தவர். அப்படி ஒரு வாழ்க்கை சாத்தியம் என்பதற்கு ஜேம்ஸ் நேரில் கண்ட முதல் சாட்சி அவர்தான்.

1943 ஜூலை 29 அன்று வளர்ப்புத் தந்தை இறந்தார். அதே நாளில் கடைசித் தங்கை பிறந்தாள். அடக்கம் நடந்தது ஆகஸ்ட் 2, ஜேம்ஸின் 19ஆவது பிறந்த நாள். முந்தைய இரவு ஹார்லெமில் கலவரம் வெடித்திருந்தது. உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவே சவ ஊர்வலம் போனதை 1955இல் 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' கட்டுரையில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டுரைகளில் அதற்கு மேல் வைக்க எனக்கு ஒன்று தெரியவில்லை.

இனவெறிக்குத் தப்பித்தான் பாரிஸ் போனார் என்று படித்தேன். அது மட்டும்தான் காரணமா?
வாசகர், கோயம்புத்தூர்

அது முக்கியமான காரணம். 1946இல் அவருடைய நெருங்கிய நண்பர் யூஜின் வொர்த் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து உயிரை விட்டார். அடுத்தது நான்தான் என்ற பயம் பால்ட்வினைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு காரணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1948இல் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் ஆண்களுக்கிடையேயான உறவு சட்டப்படி குற்றம். முதலில் அதை நீக்கிய இல்லினாயில் அந்த மாற்றம் அமலுக்கு வந்தது 1962இல். நியூயார்க்கில் 1980 ஆனது, நாடு முழுவதற்கும் 2003. பிரான்சிலோ 1791இலேயே அந்தக் குற்றம் சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது.

1948 நவம்பர் 11 அன்று அவர் பாரிஸில் இறங்கியபோது கையில் இருந்தது சுமார் 40 டாலர். ஓர் உதவித்தொகையில் பயணச்சீட்டு வாங்கியது போக மீதி. ஓட்டல் அறைகளில் குளிர் தாங்காது என்பதால் கஃபே த ஃப்ளோர் என்ற காப்பிக் கடையின் மாடியில் உட்கார்ந்து எழுதினார்.

பாரிஸைச் சொர்க்கமாகக் கற்பனை செய்ய வேண்டாம். 1949 டிசம்பரில், தெரிந்தவர் ஒருவர் பழைய ஓட்டலிலிருந்து எடுத்து வந்த படுக்கை விரிப்பு பால்ட்வினின் அறையில் இருந்ததால் திருட்டுப் பொருள் வைத்திருந்த வழக்கில் கைதானார். கிறிஸ்துமஸ் உட்பட எட்டு நாள் சிறை. வழக்கு தள்ளுபடியானபோது நீதிமன்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பாதுகாப்பாக இருப்பவர்கள் இல்லாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பை அவர் அமெரிக்காவிலேயே கேட்டிருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் அது கேட்கும் என்பதை உணர்ந்தது அந்த அறையில்தான்.

முதல் நாவலுக்கு ஏன் பத்து வருடம் ஆனது?
வாசகர், தஞ்சாவூர்

பதின்ம வயதின் முடிவிலேயே தொடங்கிவிட்டார். எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் அந்தப் பிரதியைப் படித்து 1945இல் ஓர் உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்தார். இருந்தும் நாவல் நிற்கவில்லை, பதிப்பகங்கள் திருப்பின. அப்பாவின் மேல் இருந்த கோபத்திலிருந்து எழுதியதுதான் சிக்கல் என்பது என் கணிப்பு. மகனின் கண்ணால் மட்டும் பார்த்தால் கேப்ரியல் வெறும் கொடுமைக்காரன். கேப்ரியலின் வாலிபம், அவன் தாய், அவன் செய்த துரோகம் எல்லாவற்றையும் அவன் பக்கம் நின்று சொன்னபோதுதான் நாவல் எழுந்தது. பிரார்த்தனைகளாகப் பிரித்த அந்த அமைப்பு இந்தக் காரியத்தைச் செய்தது.

முடித்த இடம் சுவிட்சர்லாந்தின் லொய்கர்பாத் என்ற மலைக் கிராமம், 1951–52 குளிர்காலம். காதலர் லூசியன் ஹாப்பர்ஸ்பெர்கரின் குடும்பத்துக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. கையில் தட்டச்சுப் பொறியும் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளும். வெளியே அதுவரை கறுப்பு மனிதரையே கண்டிராத ஊர். ஹார்லெமில் வெட்கப்பட்டு ஒதுக்கிய பேச்சுநடையை அந்தப் பாடல்கள் வழியாகத்தான் மீட்டுக்கொண்டதாகப் பின்னர் எழுதினார். க்னாஃப் நிறுவனம் 1953இல் நாவலை வெளியிட்டது.

இந்த நாவலிலும் ஆண்மீதான ஈர்ப்பு இருக்கிறது. எலிஷா என்ற இளம் ஊழியக்காரனை ஜான் பார்க்கும் பார்வையைக் கவனித்து வாசியுங்கள். பெயர் சூட்டாமல் விட்டிருக்கிறார், அவ்வளவே.

'ஜியோவானிஸ் ரூம்' நாவலை எரித்துவிடச் சொன்னார்கள் என்பது உண்மையா? ஒரு கறுப்பின எழுத்தாளர் ஏன் வெள்ளையரை மட்டும் வைத்து நாவல் எழுதினார்?
வாசகி, சென்னை

எரிக்கச் சொன்னது அவருடைய முகவர் என்று பால்ட்வினே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். க்னாஃப் மறுத்தது. நீங்கள் ஒரு 'நீக்ரோ எழுத்தாளர்', உங்களுக்கென்று ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது, இந்தப் புத்தகம் அவர்களை விரட்டிவிடும் என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். லண்டனில் மைக்கேல் ஜோசஃப் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1956இல் டயல் பிரஸ் வெளியிட்டது. அதன்பின் அவருடைய எல்லா நாவல்களுக்கும் அமெரிக்கப் பதிப்பாளர் டயல்தான். மறுத்த நிறுவனம் அவரை அத்தோடு இழந்தது.

பதிப்பாளர்கள் பயந்ததில் பொருள் இல்லாமலும் இல்லை. 1948இல் அமெரிக்க எழுத்தாளர் கோர் விடால் இதே பொருளில் நாவல் எழுதி, அடுத்த புத்தகங்களுக்கு மதிப்புரையே கிடைக்காமல் போனதாகச் சொல்லிவந்தார். தபாலில் ஆபாசம் அனுப்பியதாக வழக்குப் போட முடிந்த காலம் அது. பால்ட்வினுக்கு அதற்கு மேல் நிறமும் சேர்ந்தது. ஒரே ஒரு நாவல் வெளியான 32 வயது ஆள், குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், பிழைப்பையே பணயம் வைத்து அந்தப் பிரதியை விடாமல் பிடித்திருந்தார். அவருடைய துணிச்சலுக்குச் சான்றாக மேடைப் பேச்சுகளைக் காட்டுவார்கள். நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

வெள்ளையர் பற்றிய கேள்விக்கு 1984இல் ஒரு நேர்காணலில் பதில் சொன்னார். நிறம், பாலுறவு என்ற இரண்டு பாரங்களையும் ஒரே புத்தகத்தில் அப்போது தூக்க முடிந்திருக்காது என்பதே அதன் சாரம். எழுத்தாளர் என்ற முறையில் சரியான கணக்கு. கதை சொல்லும் அமெரிக்க இளைஞன் டேவிட் கறுப்பினத்தவனாக இருந்தால், அவன் தன் காதலன் ஜியோவானியைக் கைவிடுவதற்கு வாசகர் உடனே நிறத்தைக் காரணமாக்கிவிடுவார். பொன்னிற முடி, பணம், நாடு எல்லாம் உள்ள ஒருவன் ஓடும்போது மிஞ்சுகிற காரணம் ஒன்றுதான்: அவனுக்குத் தன்னைப் பற்றிய பயம்.

அமைப்பைப் பாருங்கள். தென் பிரான்சில் ஒரு வாடகை வீடு, ஓர் இரவு. டேவிட் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நிற்கிறான். விடிந்தால் பாரிஸில் ஜியோவானிக்குக் கில்லட்டினில் மரண தண்டனை. முடிவு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது, ஆகவே என்ன ஆகும் என்று தேடாமல், எந்த இடத்தில் டேவிட் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று தேடுகிறோம். முதல் பாகத்தில் மூன்று அத்தியாயம், இரண்டாம் பாகத்தில் ஐந்து. சின்ன நாவல், ஒரு பக்கம்கூட வீண் இல்லை. குறை என்று பார்த்தால், வயதான ஆண்களும் மதுக்கூடத்துக்கு வரும் பெண்மை மிக்க ஆண்களும் டேவிடின் அருவருப்போடு மட்டுமே காட்டப்படுகிறார்கள். அது டேவிடின் நோய் என்று பிரதிக்குச் சாதகமாகச் சொல்லலாம். எல்லா இடத்திலும் அந்தச் சமாதானம் செல்லுபடியாகிறதா என்று எனக்குச் சந்தேகம்.

நூல் லூசியனுக்குச் சமர்ப்பணம். அவர்களுடைய காதல் நிலைக்கவில்லை. லூசியன் ஒரு பெண்ணை மணந்து, பிறந்த மகனுக்கு பால்ட்வினை ஞானத் தந்தையாக்கினார். நட்பு கடைசிவரை இருந்தது. 1987இல் மரணப் படுக்கையின் அருகே இருந்தவர்களில் லூசியனும் ஒருவர்.

'அனதர் கன்ட்ரி' தடை செய்யப்பட்டதா?
வாசகர், திருச்சி

ஆஸ்திரேலியாவில் தடை. அமெரிக்காவில் 1963இல் நியூ ஆர்லியன்ஸ் காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது. எஃப்.பி.ஐ.யும் நூலைப் பரிசீலனைக்கு அனுப்பியது. இலக்கியத் தகுதி உண்டு, உளவியல் மாணவருக்கும் பயன்படலாம் என்று அரசுத் தரப்பு வாசகரே எழுதியதால் மேல் நடவடிக்கை இல்லை.

நாவலின் கடைசி வரிக்குக் கீழே 'இஸ்தான்புல், டிசம்பர் 10, 1961' என்று இருக்கும். அந்த ஊரில் நடிகர் எங்கின் ஜெஸ்ஸார் வீட்டில் தங்கி முடித்தார், அதன்பின் பத்தாண்டுகள் போய்வந்துகொண்டிருந்தார். நாயகன் என்று நாம் நம்பும் ரூஃபஸ் முதல் அத்தியாயத்தின் முடிவில் பாலத்திலிருந்து குதித்துவிடுகிறான். மிச்சப் புத்தகம் முழுவதும் உயிரோடு இருப்பவர்கள் அவன் சாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நடுப்பகுதி தொய்கிறது, வசனங்கள் நீள்கின்றன. அதற்காக விட்டுவிடாதீர்கள், முதல் அத்தியாயத்துக்கு ஈடாக அவர் வேறெதுவும் எழுதவில்லை. 'ஜியோவானிஸ் ரூம்' காலத்தில் தூக்க முடியாத இரண்டு பாரங்களையும் இங்கே சேர்த்தே தூக்கியிருக்கிறார்.

குடியுரிமைப் போராட்டத்தில் அவ்வளவு பங்கெடுத்தவர் 1963 வாஷிங்டன் பேரணியில் ஏன் பேசவில்லை?
வாசகர், மதுரை

பேச்சாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்த மே மாதம் டைம் இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. அதே மாதம் 24ஆம் தேதி அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியுடன் ஒரு கூட்டத்துக்கு நாடக ஆசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி, பாடகர் ஹாரி பெலஃபான்டே முதலியவர்களைக் கூட்டிச் சென்றார், அது வாக்குவாதத்தில் முடிந்தது. பேரணியில் பேச்சுகள் முன்கூட்டியே பார்க்கப்பட்டு, மாணவர் தலைவர் ஜான் லூயிஸின் உரை அன்றே திருத்தப்பட்டது. எழுதிவைக்காமல் பேசும் பால்ட்வினிடம் அது நடக்காது. அவருடைய காதல் வாழ்க்கையும் தலைவர்களைத் தயங்க வைத்திருக்கும். பேரணியை ஒழுங்கு செய்த பேயார்ட் ரஸ்டின் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்பதை வைத்து, செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அதே ஆகஸ்டில் செனட்டில் தாக்கியிருந்தார்.

அரசு பால்ட்வினை 1,884 பக்கக் கோப்பாகத் தொகுத்து வைத்திருந்தது. அதில் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஹூவர் கைப்படக் கேட்ட குறிப்பு, பால்ட்வினின் பாலியல் நாட்டத்தை இழிவாகக் கேட்பது. மறுபக்கம் 1968இல் பிளாக் பாந்தர் கட்சியின் எல்ட்ரிட்ஜ் கிளீவர், அதே காரணத்துக்காக அவரைக் கறுப்பினத் துரோகியாகச் சித்தரித்தார். 1972இல் 'நோ நேம் இன் தி ஸ்ட்ரீட்' நூலில் பால்ட்வின் அதற்கு அளித்த பதிலில் பொறுமை தேவைக்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

டோரத்தி கவுன்ட்ஸ் என்ற கறுப்பின மாணவியை வெள்ளையர் கூட்டம் ஏளனம் செய்யும் படத்தைப் பாரிஸில் பார்த்துவிட்டுத்தான் நாடு திரும்பினார் என்று அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் வருகிறது. சரியா?
வாசகி, யாழ்ப்பாணம்

அவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார், ஆனால் தேதி ஒத்துவரவில்லை. வட கரோலினாவின் சார்லட் நகரப் பள்ளியில் அந்தப் படம் எடுக்கப்பட்டது 1957 செப்டம்பர் 4. அவர் அந்த ஜூலையிலேயே அமெரிக்கா வந்துவிட்டார். பாரிஸில் 1956 செப்டம்பரில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டு நினைவோடு இதைச் சேர்த்துவிட்டார். அவருடைய கட்டுரைகளில் உணர்வை நம்புங்கள், தேதியை மட்டும் வேறிடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில், எப்படி எழுதுவார்?
வாசகர், சேலம்

இரவில். வீட்டில் தம்பி தங்கைகள் தூங்கிய பிறகே சிறுவயதில் அவருக்கு நேரம் கிடைத்தது, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. விடியற்காலை மூன்று நான்கு மணிவரை எழுதுவார். முதல் பிரதி நீளமான கோடிட்ட தாளில் கையால். கையால் எழுதினால் வாக்கியம் சிறிதாக, நேராக வரும் என்பது அவர் அனுபவம். திருத்தி எழுதுவதுதான் அதிக வேதனை தரும் வேலை என்பார்.

பிந்தைய நாவல்கள் தேறாதவை என்கிறார்களே. அவரைப் பற்றி நல்ல வாழ்க்கை வரலாறு எது?
வாசகர், புதுச்சேரி

1968இல் வந்த 'டெல் மி ஹவ் லாங் தி ட்ரெய்ன்ஸ் பீன் கான்' மீது அந்தப் பேச்சு தொடங்கியது. நியூயார்க் டைம்ஸில் மரியோ பூசோ அதைக் கடுமையாக விமர்சித்தார், நியாயம் ஓரளவு உண்டு. 1974இன் 'இஃப் பீல் ஸ்ட்ரீட் குட் டாக்' வேறு கதை. செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருக்கும் காதலனைப் பற்றி 19 வயதுக் கர்ப்பிணி பேசும் சின்ன நாவல். அதிலிருந்து எடுத்த 2018 படத்தில் நடித்து ரெஜினா கிங் ஆஸ்கர் வாங்கினார்.

உண்மையில் அநியாயம் நடந்தது 1979இன் 'ஜஸ்ட் அபவ் மை ஹெட்' நாவலுக்கு. ஆர்தர் மொன்டானா என்ற தேவாலயப் பாடகனின் வாழ்க்கையை அண்ணன் ஹால் சொல்கிறார். தடித்த புத்தகம், தளர்வும் உண்டு. ஆனால் கறுப்பின ஆண்கள் இருவர் ஒருவரையொருவர் நேசிப்பதை, ஒரு குடும்பம் அதை அறிந்து அன்போடு வைத்திருப்பதை, 'ஜியோவானிஸ் ரூம்' எழுதியவர் 23 ஆண்டுகள் கழித்து எழுதியிருக்கிறார். அந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் எவ்வளவு தூரம் வந்தார் என்பது புரியும்.

வாழ்க்கை வரலாற்றுக்கு, இஸ்தான்புல் நாள்களிலிருந்து அவருடன் பழகி உதவியாளராகவும் இருந்த டேவிட் லீமிங் 1994இல் எழுதியதைத் தொடக்கமாக வையுங்கள். 2025இல் வந்த நிக்கலஸ் பாக்ஸின் நூல் டெலேனி, லூசியன், ஜெஸ்ஸார், ஓவியர் யோரான் கசாக் என்ற நால்வருடனான உறவுகளை மையமாக வைத்து நகர்வது. காதலைக் குறித்துத் தேடுபவர்களுக்கு அதுவே பயன்படும். ஆவணங்கள் 2017இல் ஹார்லெமின் ஷோம்பர்க் ஆய்வு மையத்துக்கு வந்துசேர்ந்தன. நெருங்கியவர்களுடனான கடிதங்களில் ஒரு பகுதியை 20 ஆண்டுகளுக்கு மூடி வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த உறவுகளைப் பற்றி இப்போது யார் அறுதியிட்டு எழுதினாலும், 2037க்குப் பிறகு திருத்த வேண்டி வரலாம்.